வெர்னா சொல்லாத முடிவு

நியூ ஆர்லியன்ஸில் ரத்தக் காட்டேரியைத் தேடி வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பொழுது சாய்ந்தால் போதும், பிளாஸ்டிக் கோரைப்பல்லை மாட்டிக்கொண்டு, வெந்து புழுங்கும் இந்த ஊரில் கறுப்பு அங்கியும் போட்டுக்கொண்டு, சுற்றுலாக் கூட்டத்தைத் தெருத்தெருவாக இழுத்துப்போக நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். இந்தப் பால்கனியில்தான் கடித்தான், அந்த ஜன்னல் வழியாகத்தான் பறந்தான் என்று வாய்க்கு வந்ததை அளப்பார்கள். வெர்னாவுக்கு அவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் வேலை பார்த்த பழைய புத்தகக் கடையின் வாசலில் ஒரு நாள் அந்தக் கூட்டம் வந்து நின்றபோது, வழிகாட்டியின் பேச்சை நடுவிலேயே வெட்டினாள்.

"இந்தா தம்பி, அந்தப் பல்லைக் கழட்டிட்டுப் பேசு. பாதி வார்த்தை வெளிய வரல. காட்டேரி வேணும்னா தெருவுல ஏன் தேடுறீங்க? உள்ள வாங்க, எல்லாரும் அலமாரியில உக்காந்திருக்காங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். வழிகாட்டி அதற்கப்புறம் வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டான்.

கடையின் பின்கோடியில், கழிவறைக்குப் போகிற வழியில் இருந்தது அந்த அலமாரி. கடைக்காரரே அதை வெர்னா அலமாரி என்றுதான் சொல்வார். பாழடைந்த மாளிகைகள், பூட்டிய அறைகள், இருநூறு வயதிலும் தலை நரைக்காத ஆண்கள், அவர்களை நம்பிக் கெட்ட பெண்கள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தார்கள். வெர்னா ஒன்றுவிடாமல் படித்தவள். பலவற்றை இரண்டு மூன்று முறை படித்தவள். எவனாவது வந்து அந்த அலமாரியை முறைத்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் போய் நிற்பாள்.

"இருட்டுன்னா பயமா, தனியா இருக்கறதுன்னா பயமா?"

இருட்டு என்றால் ஒரு புத்தகம், தனிமை என்றால் வேறொரு புத்தகம். ரெண்டும் இல்லை என்று மார்தட்டுகிறவனைச் சமையல் புத்தகங்கள் பக்கம் அனுப்பிவிடுவாள். அவள் எடுத்துக் கொடுத்த புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் மிகக் குறைவு. வந்தவர்களும் வேறு ஒன்றோடுதான் போனார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் யாருடைய பருப்பும் வேகாது. முடிவைச் சொல்லமாட்டாள். யார் சொன்னாலும் பொறுக்கமாட்டாள். "முடிவைச் சொல்றது திருட்டுதான். அவன் ராவெல்லாம் கண்முழிச்சுப் போய்ச் சேரவேண்டிய இடத்தை நீ எப்படிப் பறிக்கலாம்?" என்பாள். கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு பெரிய மனிதர், கடை நிறைய ஆள் இருக்கும்போது, ஒரு நாவலில் கடைசியில் யார் சாகிறார்கள் என்று உரக்கச் சொல்லிவிட்டார். வெர்னா அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "மார்டி கிரா கொண்டாட்டம் எல்லாம் முடியட்டும் சார், அப்புறம் வாங்க" என்றாள். மார்டி கிராவுக்கு இன்னும் அரை வருஷம் இருந்தது. அவர் நிஜமாகவே அது முடிந்துதான் வந்தார்.

அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்திருந்தது. பெருவெள்ளம் வந்தபோது புருஷன் ஹூஸ்டனுக்குப் போனான். தண்ணீர் வடிந்தது, அவன் வரவில்லை. "வெள்ளத்துல ரெண்டு போச்சு. ஒண்ணு ஃபிரிட்ஜ், இன்னொண்ணு அவன். ஃபிரிட்ஜ் நல்ல ஃபிரிட்ஜ்" என்று சொல்லிச் சிரிப்பாள். அதைச் சொல்லிச் சிரிக்க அவளுக்கு ஆல்சே என்று ஒருவன் இருந்தான்.

ஆல்சே முதன்முதலில் அவளிடம் வந்தது புத்தக ஆசையில் இல்லை. கிண்ணத்து அடிபோல் தாழ்ந்து கிடக்கிற ஊர் இது. மழை பெய்தால் தண்ணீரை எந்திரம் வைத்து இறைத்துத்தான் வெளியே தள்ளவேண்டும். அப்படி இறைக்கிற நிலையம் ஒன்றில் அவன் ராத்திரி வேலை பார்த்தான். மழை வந்தால் எந்திரத்தை ஓட்டவேண்டும், வராவிட்டால் அதைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கவேண்டும். தூக்கம் வராமலிருக்க ஏதாவது கொடு என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் வந்தான். வெர்னா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இருட்டு பயமா, தனியா இருக்கறது பயமா?"

"ரெண்டும்தான் மேடம் என் வேலையே. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் குடுக்குறாங்க."

வெர்னா சிரித்துவிட்டு, இருப்பதிலேயே தடிமனான ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலையில் அவள் கடை திறக்க வரும்போது அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்ன பொம்பளை நீ! ஆறடி ஆளு நான். பொழுது விடியற வரைக்கும் எந்திரத்துக்குப் பின்னால ஒண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். காருக்கு நடந்து போக தைரியம் வரல."

"அப்ப பிடிக்கலையா?"

"அடுத்தது எங்க வெச்சிருக்கே?"

அப்படி ஆரம்பித்தது, முப்பது வருஷம் ஓடியது. வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்த கையோடு காப்பி வாங்கிக்கொண்டு கடைக்கு வருவான். முந்தின வாரம் படித்ததைப் பற்றி இரண்டு பேரும் அடிதடி போல வாதம் பண்ணுவார்கள். காட்டேரி பாவம் என்பான் அவன். பாவமாவது புண்ணியமாவது, அவன் சரியான சுயநலக்காரன் என்பாள் இவள். அவர்களுக்குள் என்ன உறவு என்று தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நேரில் கேட்டவர்களிடம், "படிக்கிறோம்" என்று சொன்னாள் வெர்னா. அதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் அது இல்லை. அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சரி என்றிருப்பாள். அவன் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்கிற நினைப்பில் முப்பது வருஷம் போவது அப்படி ஒன்றும் அதிசயமில்லை.

ஆல்சே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் அக்கா ஹார்ட்டென்ஸோடு இருந்தான். ஹார்ட்டென்ஸ் தினமும் காலைப் பூசைக்குப் போகிறவள். தம்பி படிப்பதெல்லாம் பிசாசுப் புஸ்தகம் என்று அடித்துச் சொல்வாள். ஒரு தடவை அவன் தூங்கும்போது ஒரு நாவல்மேல் கோவில் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டாள். தாள் எல்லாம் உப்பிப்போனது. அவன் அதைத் துணி காயப்போடுகிற கயிற்றில் கவிழ்த்துக் காயவைத்துப் படித்தான். "இப்ப இது ஆசீர்வதிச்ச காட்டேரி, வெர்னா. யாரையும் கடிக்காது" என்று கடைக்குக் கொண்டுவந்து காட்டினான்.

அவர்கள் படித்ததிலேயே இரண்டு பேருக்கும் உயிர் போகிற அளவுக்குப் பிடித்தது 'சைப்ரஸ் வீடு' என்கிற தொடர். ஆற்றங்கரையில் இடிந்து கிடக்கும் கரும்புத்தோட்ட மாளிகை, அதில் வெயில் பட்டால் எரிந்துபோவான் என்று பகலெல்லாம் கீழறையில் படுத்திருக்கும் தியோதுல் என்கிற காட்டேரி, அவன் காதலிக்கும் எமெலின். முதல் பாகத்தில் எமெலினுக்கு இருபது வயது. என்னைக் கடித்து உன்னைப்போல ஆக்காதே, நான் மனுஷியாகவே இருந்து சாகிறேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். பாகத்துக்குப் பாகம் அவளுக்கு வயதாகிறது, அவனுக்கு ஆகவில்லை. ஆறாம் பாகத்தின் கடைசியில் அவள் கிழவியாகிப் படுத்துவிட்டாள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எழுதியவள் பல வருஷம் பேச்சுமூச்சு இல்லாமல் இருந்துவிட்டாள். ஊரில் இந்தக் கதைகளைப் படிக்கிற கூட்டம் முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. சத்தியத்தை மீறிக் கடித்தே தீருவான் என்பது ஆல்சே கட்சி. கடிக்கமாட்டான் என்பது வெர்னா கட்சி.

ஏழாம் பாகம் அக்டோபரில் வரும் என்று கடைசியில் அறிவித்தார்கள். வெளிவருவதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே, சொன்னால் நாலு பேர் கேட்கக்கூடிய கடைக்காரர்களுக்கு ஒரு முன்பிரதி அனுப்பிவைப்பது பதிப்பகத்தாரின் வழக்கம். அந்த வசந்த காலத்தில் வெர்னாவுக்கு ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் உட்கார்ந்தவள், முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். எழுந்துபோய் முகம் கழுவினாள். கழுவிய பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. ஆல்சே இதைப் படிக்கும்போது எப்படி ஆவான் என்று நினைத்துப் பார்த்து, அழுகைக்கு நடுவே சிரிக்கக்கூடச் செய்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆல்சே காப்பி இல்லாமல் வந்தான். கணையத்தில் புற்றுநோய் என்றும், பரவிவிட்டது என்றும், கோடை தாண்டுவது சிரமம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு, "அக்டோபர்ல வர்ற புஸ்தகத்துக்கு நான் என்ன பண்றது வெர்னா?" என்று கேட்டான். அவனுக்கு வந்த முதல் கவலை அதுதான்.

வெர்னா பையைத் திறந்து முன்பிரதியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். ஆல்சே அதைக் கையில் எடுத்து, மூடிய அட்டையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அவனாகவே கொஞ்சம் படித்தான். பிறகு மருந்தின் வேகத்தில் எழுத்துகள் நீந்தத் தொடங்கின. அதனால் மத்தியானம் கடையிலிருந்து கிளம்பிப்போய் வெர்னா வாசித்துக்காட்டினாள். ஹார்ட்டென்ஸின் வீடு ஒரு அறைக்குப் பின்னால் இன்னொரு அறையாக நீளமாக ஓடுகிற வீடு. முன்னறையில் தும்மினால் அடுப்படியில் கேட்கும். வெர்னா வாசிக்க ஆரம்பித்தால் ஹார்ட்டென்ஸ் அடுத்த அறையில் உட்கார்ந்து ஜெபமாலையை உரக்க உருட்டுவாள். கதையில் முக்கியமான இடம் வரும்போது மட்டும் ஜெபத்தின் சத்தம் கொஞ்சம் தணிந்துபோகும். ஆல்சே வெர்னாவைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

"ஹார்ட்டென்ஸ், நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கயேன். அங்க இருந்து கேட்டா காது வலிக்கப்போகுது."

"மரியாதையா இரு. நான் மாதாவோட பேசிக்கிட்டிருக்கேன்."

"மாதாவுக்கும் தியோதுல் என்ன ஆனான்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்கும்ல?"

வெர்னா செய்த தப்பு இங்கேதான் தொடங்கியது. விழுந்து விழுந்து படிக்கிற ஒருத்திதான் அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். பாதியில் இருக்கிற கதையை விட்டுவிட்டு ஆல்சே போகமாட்டான் என்று அவள் மனசுக்குள் முடிச்சுப்போட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே தெளிவாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நடந்தது அதுதான். முதலில் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் வாசித்தாள். அப்புறம் அரை அத்தியாயம். ஆகஸ்டில் நாலைந்து பக்கம். "நேத்து நீ நடுவுல தூங்கிட்டே" என்று சொல்லி, வாசித்த பக்கங்களையே திரும்ப வாசித்தாள். அவன் தூங்கவில்லை. தூங்கவில்லை என்று அவனுக்கும் தெரியும்.

முடிவு என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் இன்னும் கொடுமை. வசந்தத்தில் அழகாக இருந்த முடிவு இப்போது அவளுக்கு அப்படித் தெரியவில்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாய்விட்டு வாசிக்க அவளால் ஆகாது. அந்தப் பக்கங்களுக்குப் போய்ச் சேராமலே இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தாள்.

ஒரு நாள் அவள் புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஆல்சே கையைத் தூக்கித் தடுத்தான். கை எலும்பும் தோலுமாக இருந்தது.

"வெர்னா, கடைசி அத்தியாயத்துக்குப் போயிடு."

"நடுவுல இன்னும் நிறையக் கிடக்கு, ஆல்சே."

"கிடந்துட்டுப் போகட்டும்."

"அப்படித் தாவக்கூடாது. தாவுனா முடிவு ருசிக்காது."

"எனக்கு எதுவும் ருசிக்கல, பேபி. ஹார்ட்டென்ஸ் வெக்கிற சூப் ருசிக்கல, ஐஸ் ருசிக்கல. முடிவு மட்டும் ருசிக்கணும்னு என்ன?"

வெர்னா பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டாள். ஆல்சே விடவில்லை.

"சரி, வாசிக்க வேணாம். கடிச்சானா, கடிக்கலையா? தலையை மட்டும் ஆட்டு."

"நான் முடிவைச் சொல்லமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஊருக்கே தெரியும். முப்பது வருஷமா நீ படின்னு குடுத்ததைப் படிச்சேன். வேணாம்னு சொன்னதைத் தொட்டதில்ல. உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல, வெர்னா. எத்தனையோ கேட்டிருக்கலாம், கேக்கல. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒரே ஒரு வாக்கியம்."

அந்த ஒரு வாக்கியம் அவள் நாக்கின்மேல் இருந்தது. அதைச் சொன்னால், இந்தப் புத்தகத்தை முடிக்கிற அளவுக்கு உனக்கு நாள் இல்லை என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஆகும். அது அவளுக்கு முடியவில்லை. வாயில் வேறு ஒன்று வந்தது.

"அக்டோபர்ல புஸ்தகம் கடைக்கு வரும். முதல் பிரதியை உனக்குத்தான் எடுத்து வெப்பேன். வந்து நீயே வாங்கிப் படிச்சுக்க."

அடுத்த அறையில் ஜெபம் நின்றுபோனது. ஆல்சே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவனுக்குக் கோபம் வரும், திட்டுவான் என்று வெர்னா காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அக்டோபரா?" என்றான். "சரி. அக்டோபர்ல வரேன்."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் சொன்னது அவளுக்கே உறைத்தது. சாகக் கிடக்கிறவனிடம் அக்டோபர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவன் அதைக்கூடக் கேலியாக வாங்கிக்கொண்டு அவளை வலியில்லாமல் அனுப்பிவைத்திருக்கிறான். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. நாளைக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினாள். எந்த வார்த்தையில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எப்படிக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வது என்று மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப்பார்த்தாள்.

மறுநாள் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வழியில் அவனுக்கு ஒரு கோப்பை ஐஸ் சீவலும் வாங்கிக்கொண்டு போனாள். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. முன்வராந்தாவில் அக்கம்பக்கத்து ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இறைக்கும் நிலையத்தில் அவனோடு வேலை பார்த்த ஒருவர் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். காலையில் போய்விட்டானாம். ஐஸ் உருகி அவள் முழங்கை வழியாக வழிந்தது. அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. யாரோ வந்து வாங்கிக்கொண்டார்கள்.

சடங்கில் ஒரு குறையும் இல்லை. பாண்டு வாசித்தது, குடைகள் ஆடின, கல்லறையிலிருந்து திரும்பும்போது ஊர் வழக்கப்படி எல்லோரும் ஆடிக்கொண்டே வந்தார்கள். வெர்னா ஓரமாக நடந்து வந்தாள். வீட்டில் பொரித்த கோழியும் ராஜ்மாச் சோறும் உருளைக்கிழங்கு சாலடும் குவிந்து கிடந்தன. அவனோடு ராத்திரி வேலை பார்த்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஆல்சேயைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லிச் சிரித்தார்கள். பொழுது சாயும் முன்பே எல்லோரும் போய்விட்டார்கள்.

அடுப்படியில் ஹார்ட்டென்ஸ் பாத்திரம் கழுவ, வெர்னா துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹார்ட்டென்ஸ் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ கடைசியா வந்துட்டுப் போனியே, அன்னிக்கு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டான். 'ஹார்ட்டென்ஸ், அந்தக் கதைக்கு ஒரு முடிவு சொல்லு'ன்னான்."

"உங்களையா கேட்டான்?"

"என்னைத்தான். நான் என்னத்தைக் கண்டேன்? அந்தப் பிசாசுப் புஸ்தகத்தை நான் கையால தொட்டதில்ல. போய் உன் வெர்னாவைக் கேளுடான்னேன். 'அவளால முடியல, பாவம். அவ சொல்லாம இருந்ததுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த முடிவு எனக்கு வேணாம். நீ வேற ஒண்ணு சொல்லு'ன்னான்."

வெர்னாவின் கை துடைத்துக்கொண்டிருந்த தட்டிலேயே நின்றுவிட்டது.

"சொன்னீங்களா, மிஸ் ஹார்ட்டென்ஸ்?"

"சொல்லாம? சாகப்போற தம்பி கேக்கும்போது முடியாதுன்னா சொல்லமுடியும்?"

குத்திக்காட்டவேண்டும் என்று அவள் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

"என்ன சொன்னீங்க?"

ஹார்ட்டென்ஸுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு என்ன தெரியும்? வாயில வந்ததைச் சொன்னேன். அந்தக் காட்டேரிப் பையன் விடியற நேரத்துல கீழறைக்குத் தூங்கப் போகல. அந்தக் கிழவியைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. போனாப் போகுதுன்னு அங்கேயே உக்காந்துட்டான். வெயில் உள்ள வந்துச்சு. அவன் கையில பட்டுச்சு, முகத்துல பட்டுச்சு. ஒண்ணும் ஆகல. சும்மா கதகதன்னு இருந்துச்சு. அப்புறம் அவனுக்குப் பசிச்சுது. ரத்தப் பசி இல்ல, நம்ம பசி. கிழவி எழுந்திருச்சு சோளக்கஞ்சி காய்ச்சுனா. ரெண்டு முட்டை பொரிச்சா. அவன் உக்காந்து சாப்பிட்டான்."

"காட்டேரி சோளக்கஞ்சி சாப்பிட்டானா?"

"வெண்ணெய் போட்டு. ஆல்சே சிரிச்சான் பாரு, இருமல் வந்துடுச்சு. 'வெர்னா கேட்டா உன்னைக் கடைப்பக்கமே விடமாட்டா'ன்னான். அப்புறம் 'அப்புறம்?'னு கேட்டான். என்னத்தை அப்புறம்? இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டான்னேன். அது அவனுக்குப் பிடிச்சிருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டான். அதுக்கப்புறம் அவன் பெருசா பேசல."

வெர்னா தட்டைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஹார்ட்டென்ஸ் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"நிஜத்துல என்னதான் ஆகுது அதுல?"

ஆயுசில் ஒருத்தருக்கும் எந்தக் கதையின் முடிவையும் சொல்லாத வெர்னா, அந்த அடுப்படியில், இனி எந்தக் காலத்திலும் அந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகாத ஒருத்தியிடம் வாயைத் திறந்தாள். பஸ்ஸில் சொல்லிப்பார்த்த வார்த்தைகள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"கடிக்கல. அவளுக்கு ஒண்ணு சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கான். முதல் பாகத்துல இருந்து சொல்லணும்னு இருக்கான். நாளைக்குச் சொல்லலாம், அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும்னு தள்ளிக்கிட்டே வர்றான். ஒரு நாள் விடியுது. அவன் கீழறைக்குப் போய்ப் படுக்கிறான். சாயங்காலம் எழுந்து மேல வந்து பாத்தா, அவ பகல்லயே போயிட்டா. உடம்பு குளுந்து கிடக்கு. அவ போறப்ப அவன் பக்கத்துல இல்ல. சொல்லவேண்டியதைச் சொல்லல. வீட்டைப் பூட்டிட்டு வெளிய வர்றான். அவனுக்கு இனிமே நாள்தான் இருக்கு, நாள் நாளா, வேற ஒண்ணும் இல்ல. அதோட முடியுது."

சொல்லச் சொல்லத்தான் தன் குரலில் தான் யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவளுக்குக் கேட்டது.

ஹார்ட்டென்ஸ் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"என்னுது தேவலை."

"ஆமா, மிஸ் ஹார்ட்டென்ஸ். உங்களுது தேவலை."

அப்போதுதான் வெர்னாவுக்கு உடைத்துக்கொண்டு வந்தது. கல்லறையில் வராத அழுகை, பாண்டு வாசிக்கும்போது வராத அழுகை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மூச்சு விடமுடியாமல் அழுதாள்.

"நான் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். கடிச்சுட்டான், ரெண்டு பேரும் சாகவே இல்லைன்னு சொல்லியிருக்கலாம். அவன் சந்தோஷப்பட்டிருப்பான். சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம், பேபி" என்றாள் ஹார்ட்டென்ஸ்.

பொய்யாக ஆறுதல் சொல்ல அவளுக்கு வரவில்லை. குழாயை மூடிவிட்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு வெர்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரை அங்கேயே இருந்தாள்.